ராஜாவின் மேல் தாக்குதல்: செஸ் என்ஜின் சொல்லும் எண்ணை எப்படிச் சோதிப்பது?

நீங்கள் ஆடி முடித்த ஒரு ஆட்டத்தை என்ஜினில், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலில், போட்டுப் பார்க்கிறீர்கள். எதிராளியின் ராஜா பக்கம் ஒரு குதிரையைப் பலி கொடுத்த இடம் வருகிறது. யார் முன்னிலை என்று காட்டும் பக்கத்துப் பட்டை சட்டென்று கீழே இறங்குகிறது: கழித்தல் இரண்டு. "தப்பு செய்துவிட்டோம்" என்று அடுத்த நகர்வுக்குப் போய்விடுகிறீர்கள். போகாமல் அதே நிலையில் ஒரு நிமிடம் காத்திருந்தால், சில சமயம் அந்த எண் மெல்ல ஏறும். பூஜ்யம் ஆகும். அப்புறம் கூட்டல் மூன்று ஆகும்.

பலகையில் ஒரு காய்கூட நகரவில்லை. என்ஜின் பார்த்த தூரம் மட்டும் மாறியிருக்கிறது. ராஜாவின் மேல் தாக்குதல் நடக்கும் நிலைகளில் இந்தத் தடுமாற்றம் மற்ற நிலைகளைவிட அதிகம். அதற்குக் காரணம் நிரல் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எண்ணை எங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு படியாகப் போகலாம்.

படி 1: அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்ஜின் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நகர்வுகளை முன்னோக்கித் தேடுவது. இன்னொன்று, தேடல் நின்ற இடத்தில் இருக்கும் நிலைக்கு மதிப்பு போடுவது. திரையில் தெரியும் எண், தேடல் நின்ற அந்தக் கடைசி நிலைக்குப் போட்ட மதிப்புதான். இப்போது பலகையில் உள்ள நிலையைப் பற்றி அது நேராக எதுவும் சொல்வதில்லை. "இந்த வழியாகப் போனால் கடைசியில் இப்படி இருக்கும், அதற்கு என் மதிப்பு இவ்வளவு" என்பதே அதன் பொருள்.

பழைய நிரல்களில் இந்த மதிப்பின் அடித்தளம் காய்க் கணக்கு. சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் சுமார் 3, யானை 5, ராணி 9. அதன் மேல் சிப்பாய் அமைப்பு, காய்களின் சுதந்திரம், ராஜாவின் பாதுகாப்பு என்று சிறுசிறு கூட்டல் கழித்தல்கள். 1950-ல் கணித அறிஞர் கிளாட் ஷானன் செஸ் நிரல் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த வடிவம் வந்துவிட்டது.

இப்போது எண்ணின் பொருளே மாறியிருக்கிறது. பரவலாகப் பயன்படும் என்ஜினான ஸ்டாக்ஃபிஷ்ஷின் 15.1 பதிப்பிலிருந்து, கூட்டல் ஒன்று என்றால் "ஒரு சிப்பாய் அதிகம்" என்று அர்த்தம் இல்லை. என்ஜினுக்கு எதிராக என்ஜின் ஆடும்போது வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்று அர்த்தம். இதைத் தெரியாமல் "ஒரு காய் பலி கொடுத்தும் கழித்தல் ஒன்றுதான், அப்படியானால் இரண்டு சிப்பாய் அளவுக்கு ஈடு இருக்கிறது" என்று கணக்குப் போடுபவர்கள் நிறைய. அந்தக் கணக்கு இப்போது செல்லாது.

படி 2: ஒரு தாக்குதலை என்ஜின் இல்லாமல் கையால் எண்ணிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பலகையை எடுத்து வையுங்கள். வெள்ளை இ4, கறுப்பு இ6. டி4, டி5. வெள்ளைக் குதிரை சி3, கறுப்பு மந்திரி பி4. வெள்ளை மந்திரி டி3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு ராஜா பக்கம் காஸ்லிங். வெள்ளை இ5 தள்ள, கறுப்புக் குதிரை டி7-க்குப் பின்வாங்குகிறது. இதுவரை ஒரு காய்கூட வெட்டுப்படவில்லை.

ஏழாவது நகர்வில் வெள்ளை மந்திரி எச்7 சிப்பாயை வெட்டி செக் கொடுக்கிறது. ராஜா மந்திரியை எடுக்கிறது. கணக்கில் வெள்ளை இப்போது கழித்தல் இரண்டு. குதிரை ஜி5-ல் செக். ராஜா ஜி8 திரும்புகிறது. ராணி எச்5. இங்கே செக் இல்லை, வெட்டு இல்லை, எச்7-ல் மேட் என்ற மிரட்டல் மட்டும். கறுப்பு யானையை இ8-க்கு நகர்த்தி ராஜாவுக்கு வழி விடுகிறது. இந்த இடத்தில் நிறுத்தினால், பலியிலிருந்து ஆறு அரை நகர்வு (ஒரு தரப்பு ஒரு முறை ஆடுவது ஒரு அரை நகர்வு) ஆகியிருக்கிறது, கணக்கு இன்னும் கழித்தல் இரண்டு.

மேலே போவோம். ராணி எஃப்7 சிப்பாயை வெட்டி செக், ராஜா எச்8. ராணி எச்5 செக், ராஜா ஜி8. ராணி எச்7 செக், ராஜா எஃப்8. ராணி எச்8 செக், ராஜா இ7. ராணி ஜி7 சிப்பாயை வெட்ட, செக்மேட். எஃப்7 சிப்பாயை ஏன் முதலில் எடுத்தோம்? அது அங்கேயே இருந்தால் கடைசியில் ஏழாம் வரிசை அடைபட்டிருக்கும். ராணி ஜி7-க்கு வந்தாலும் ராஜாவுக்கு செக்கே இல்லை.

பலியிலிருந்து மேட் வரை 15 அரை நகர்வுகள். அதில் பதினாலாவது அரை நகர்வு வரை காய்க் கணக்கில் வெள்ளை பின்தங்கியே இருக்கிறது. கடைசி ஒரு நகர்வில் எல்லாம் தலைகீழாகிறது. ராஜாவின் மேல் நடக்கும் தாக்குதலின் இயல்பே இதுதான். பலன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதில்லை, கடைசியில் மொத்தமாக வருகிறது. அதற்கு ஒரு படி முன்னால் நின்று எண்ணுபவருக்கு நஷ்டம் மட்டுமே தெரியும்.

இந்த உதாரணத்தை இன்றைய எந்த என்ஜினும் கண் இமைப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். வெள்ளையின் எட்டு நகர்வுகளில் ஏழு செக், ஒன்றே ஒன்றுதான் அமைதியான நகர்வு என்பதால் அது எளிது. ராஜா ஜி8 போகாமல் ஜி6 போகும் கிளையைப் பாருங்கள். அங்கே வெள்ளை எச்4 சிப்பாயைத் தள்ளுகிறது. அடுத்து எச்5 செக். ராஜா எச்6 போனால் குதிரை எஃப்7-ல் வெட்டி இரட்டைச் செக், ராணியும் போகும். தாக்குதலின் நடுவில் ஒரு சாதாரண சிப்பாய் நகர்வு வருவதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட அமைதியான நகர்வு ஒன்றுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ சேரும்போதுதான் என்ஜினுக்குச் சிக்கல்.

படி 3: தேடல் எங்கே வெட்டப்படுகிறது என்று பாருங்கள்

எல்லா நகர்வுகளையும் கடைசிவரை பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. எனவே நிரல் கிளைகளை வெட்டுகிறது. வெட்டும் விதிகள் சராசரி நிலைகளில் அபாரமாக வேலை செய்கின்றன. தாக்குதலில் மூன்று விதிகள் காலை வாருகின்றன.

முதலாவது, நகர்வுகளின் வரிசை. நிரல் நல்லதாகத் தோன்றும் நகர்வுகளை முதலில் வைத்து ஆழமாகவும், பின்னால் வருபவற்றை ஆழம் குறைத்தும் பார்க்கிறது. மூன்று மதிப்புள்ள மந்திரியைக் கொடுத்து காவலில் இருக்கும் சிப்பாயை எடுப்பது, காய்க் கணக்குப்படி நஷ்டமான வெட்டு. அது வரிசையின் வாலுக்குப் போகும். செக் என்பதால் அதற்குச் சலுகை உண்டு. செக்கும் இல்லாத, வெட்டும் இல்லாத ஒரு யானை நகர்வுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. திரையில் ஆழம் (எத்தனை அரை நகர்வு முன்னோக்கித் தேடியது என்ற அளவு) 30 என்று தெரிந்தாலும் அந்த நகர்வை 30 வரை பார்த்ததாக நினைக்காதீர்கள். பல கிளைகளை அதில் பாதி தூரம்கூடப் பார்த்திருக்காது.

இரண்டாவது, சும்மா இருந்து பார்க்கும் விதி. "நான் இந்த முறை ஒன்றுமே ஆடாமல் எதிராளிக்கு இன்னொரு நகர்வு கொடுத்தாலும் என் நிலை நன்றாக இருந்தால், இந்தக் கிளையில் மேலும் நேரம் செலவழிக்க வேண்டாம்" என்று நிரல் முடிவு செய்கிறது. இந்தச் சோதனை குறைந்த ஆழத்தில் நடக்கும். உடனடி மேட் மிரட்டல் என்றால் அது இந்தச் சோதனையில் உடனே பிடிபடும். ஆனால் தாக்குபவருக்கு இன்னும் மூன்று அமைதியான நகர்வுகள் தேவை என்றால்? தடுப்பவர் ஒரு காய் அதிகம் வைத்திருக்கிறார், ஒரு நகர்வைச் சும்மா விட்டாலும் குறைந்த ஆழத்தில் ஆபத்து எதுவும் தெரியவில்லை. கிளை வெட்டப்படுகிறது. மெதுவாகக் கட்டப்படும் தாக்குதலை நிரல் குறைத்து மதிப்பிட இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது, அடிவான விளைவு. 1970-களில் கணினி செஸ் ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் கொடுத்த பெயர். தேடலின் எல்லைக்கு அப்பால் இருப்பது நிரலுக்கு இல்லாததற்குச் சமம். இதன் விசித்திரமான விளைவு என்னவென்றால், வரப்போகும் கெடுதியைத் தள்ளிப்போட வழி இருந்தால் நிரல் அதைத் தீர்வு என்றே நினைத்துக்கொள்ளும். சிக்கிக்கொண்ட தரப்பு தேவையில்லாமல் ஒரு செக், ஒரு சிப்பாய் பலி என்று ஆட, மேட் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டு எண் நன்றாகத் தெரியும். என்ஜின் காட்டும் வரியின் நடுவில் காரணமே இல்லாமல் காய்களைக் கொடுக்கும் நகர்வுகள் வந்தால், அந்த வரியின் எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: ராஜாவின் பாதுகாப்பை நிரல் எப்படி எண்ணுகிறது?

பழைய முறை எளிமையானது. ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களை ஒரு வட்டாரமாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கட்டங்களை எதிரியின் எந்தக் காய் தாக்குகிறதோ அதற்கு ஒரு எடை. பரவலாக இருந்த ஒரு முறையில் குதிரை, மந்திரிக்கு 20, யானைக்கு 40, ராணிக்கு 80. தாக்கும் கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, எத்தனை காய் தாக்குகிறது என்பதைப் பொறுத்து மொத்தத்தில் ஒரு சதவீதம் எடுப்பார்கள். ஒரே காய் என்றால் பூஜ்யம், இரண்டு என்றால் 50, மூன்று என்றால் 75, நான்கு என்றால் 88. தனி ராணியால் ஒன்றும் ஆகாது, துணை வந்தால்தான் ஆபத்து என்ற அனுபவ அறிவு இதில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

விடுபட்டது, நேரம். தடுக்கும் தரப்பின் யானையும் குதிரையும் பலகையின் மறு ஓரத்தில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் கிடக்கின்றன என்றால், கணக்கில் காய் சமமாக இருந்தாலும் ராஜாவின் பக்கம் தாக்குபவருக்கு இரண்டு காய் அதிகம். அதேபோல் வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடும் மந்திரிகள் இருந்தால், தாக்குபவரின் மந்திரியை எதிர்க்க எதிராளியிடம் ஆளே இல்லை. மனிதர்கள் இதை முதல் பார்வையில் உணர்வார்கள். எண்ணிக்கை அட்டவணையில் இதற்கு இடம் இல்லை.

நிலைகளைப் பார்த்துத் தானே மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் நரம்பியல் வலைப்பின்னல் வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. யூ நாசு 2018-ல் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க ஆட்டத்துக்காக உருவாக்கிய முறை, 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் 12 மூலம் செஸ்ஸுக்குள் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் உள்ளீட்டு அமைப்பு. "வெள்ளைக் குதிரை ஜி5-ல் இருக்கிறது" என்று மட்டும் அது பார்ப்பதில்லை. "ராஜா இந்தக் கட்டத்தில் இருக்கும்போது குதிரை ஜி5-ல் இருக்கிறது" என்று ஒவ்வொரு காயையும் ராஜாவின் இடத்தோடு சேர்த்தே பார்க்கிறது. ராஜாவின் பாதுகாப்பு இனி ஓரத்தில் ஒட்டிய கூட்டல் கழித்தல் இல்லை, மதிப்பீட்டின் அச்சாணியே அதுதான். மனிதர்கள் கையால் எழுதிய பழைய மதிப்பீட்டு விதிகளை ஸ்டாக்ஃபிஷ் 2023-ல் முழுதாக நீக்கிவிட்டது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? பாதிக்கு மேல் தீர்ந்தது என்பேன். ஆனால் வலைப்பின்னல் தான் கற்ற நிலைகளுக்குத்தான் நன்றாக மதிப்பு போடும். ராஜா பலகையின் நடுவில் அலைவது, மூன்று காய் பலி கொடுத்த பிறகும் தாக்குதல் தொடர்வது போன்ற நிலைகள் அரிதானவை. தேடலை வெட்டும் விதிகளும் படி 3-ல் சொன்னபடியே இருக்கின்றன.

படி 5: எந்த நிலையில் நிறுத்த வேண்டும்?

காய்க் கணக்கு சமமில்லை, ஆனால் காய் அதிகம் உள்ள தரப்பின் ராஜா திறந்து கிடக்கிறது என்றால் நிறுத்துங்கள். இரு தரப்பும் எதிரெதிர்ப் பக்கம் காஸ்லிங் செய்து சிப்பாய்களை ஓட்டும் நிலையிலும் நிறுத்துங்கள். நடுவில் சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு, தடுப்பவரின் காய்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வர முடியாத நிலையும் அப்படியே. எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், ஆழம் கூடக் கூட எண் ஒரே திசையில் ஊர்ந்துகொண்டே இருப்பது. இருபதில் கழித்தல் ஒன்றரை, இருபத்தைந்தில் கழித்தல் ஒன்று, முப்பதில் கழித்தல் அரை என்றால் அது முடிவு இல்லை, பாதி வழி.

செல்போனிலோ உலாவியிலோ தானாக ஓடும் ஆய்வு, ஒவ்வொரு நகர்வுக்கும் மிகக் குறைந்த நேரமே செலவழிக்கும். "பெரும் பிழை" என்று அது சிவப்பில் குறித்த பலியை, சொந்தமாக ஒரு முறை ஓடவிடாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 6: முன்னே நடந்து, பின்னே திரும்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு 1999-ல் வெய்க் ஆன் ஸே போட்டியில் காஸ்பரோவ் டோபலோவை வென்ற ஆட்டத்தை எடுங்கள். 24-வது நகர்வில் காஸ்பரோவ் டி4-ல் ஒரு சிப்பாய்க்காக யானையைக் கொடுத்தார். டோபலோவ் எடுத்தார். அடுத்து இன்னொரு யானை இ7-ல் செக், அதையும் இலவசமாக நீட்டினார். கறுப்பு ராஜா பி6, ஏ5, ஏ4 என்று வெளியே இழுக்கப்பட்டு, பலகையின் மறுமுனையில் டி1 வரை ஓடியது. 28-வது நகர்வில் ராணி சி3, 36-வது நகர்வில் மந்திரி எஃப்1. இரண்டும் செக் இல்லாத அமைதியான நகர்வுகள். யானை பலியிலிருந்து அந்த மந்திரி நகர்வு வரை 25 அரை நகர்வுகள்.

23-வது நகர்வு முடிந்த நிலையில் என்ஜினை ஓடவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யானை பலியை நீங்களே ஆடி, அங்கே கொஞ்ச நேரம் விடுங்கள். கறுப்பு எடுக்கும் நகர்வையும் ஆடி மறுபடி விடுங்கள். இப்படி முக்கியமான அமைதியான நகர்வு வரை போங்கள். அங்கே எண் நிலைத்த பிறகு, ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கி வாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் சில நொடிகள் நின்று. என்ஜின் தான் கண்டதை ஹாஷ் நினைவகத்தில் (ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளைச் சேமிக்கும் இடம்) வைத்திருப்பதால், திரும்பி வரும்போது முன்பு காணாததை இப்போது காணும். தொடக்கத்தில் குறித்த எண்ணுக்கும் இப்போது வரும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்ஜின் முதலில் தவறவிட்டதன் அளவு. இதற்காக ஹாஷ் அளவைப் பெரிதாக வையுங்கள், நடுவில் அழிக்காதீர்கள்.

இந்த முறை தாக்குபவருக்கு மட்டும் சாதகமானது என்று நினைக்க வேண்டாம். அதே ஆட்டத்தில் கறுப்பு 24-வது நகர்வில் யானையை எடுக்காமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் தாக்குதல் எடுபட்டிருக்காது. 28-வது நகர்வில் ராணி சி3-ஐவிட யானை ஏ7 இன்னும் வலுவானது என்பதும் பிற்காலத்து ஆய்வில் வெளிவந்தது. முன்னே நடந்து பின்னே திரும்பும்போது இந்த இரண்டும் உங்கள் கண்ணிலேயே படும்.

படி 7: வேறு மாதிரி யோசிக்கும் இன்னொரு என்ஜினைக் கேளுங்கள்

ஸ்டாக்ஃபிஷ்ஷின் இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. லீலா செஸ் ஸீரோ போன்ற ஒன்றை எடுங்கள். 2017-ல் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்ற கணக்கில் வென்ற, தனக்குத்தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஸீரோ நிரலின் வழியில் வந்தது அது. காய்களை எண்ணாமல் வெற்றி வாய்ப்பைக் கணிக்கும். எதிரி ராஜாவை மூச்சுத் திணற வைக்க, உடனடிப் பலன் இல்லாமலே சிப்பாயையும் காயையும் கொடுக்கத் தயங்காது. அதன் பலவீனம் நேர் எதிரானது. முதல் பார்வையில் "இது வேலைக்காகாது" என்று அதன் வலைப்பின்னல் ஒதுக்கிய நகர்வில், ஒரே ஒரு குறுகிய வழியில் மேட் இருந்தால், அதைக் காணாமல் விட்டுவிடும். ஆகவே மெதுவான தாக்குதலுக்கு லீலா, கூர்மையான வரிகளுக்கு ஸ்டாக்ஃபிஷ். இரண்டும் ஒத்துப்போகாத இடம்தான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1997-ல் ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் புளூ ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவுக்கு எதிராக இ6-ல் குதிரையைப் பலி கொடுத்து 19 நகர்வில் வென்றதை, இயந்திரம் தாக்குதலைப் புரிந்துகொண்டதற்குச் சான்றாகச் சொல்வதுண்டு. அந்தப் பலி அதன் தொடக்க ஆட்டப் புத்தகத்தில் மனிதர்கள் சேர்த்து வைத்தது. இயந்திரம் தேடிக் கண்டுபிடித்தது இல்லை.

படி 8: பூஜ்யத்தைப் பிரித்துப் பாருங்கள்

தாக்குதல் நிலையில் என்ஜின் 0.00 காட்டினால், பல வரிகளைக் காட்டும் வசதியை இயக்கி மூன்று வரி கேளுங்கள். தடுப்பவர் ஆட வேண்டிய இடத்தில் முதல் வரி பூஜ்யம், இரண்டாவது வரியில் அவர் ஒரு ராணி அளவுக்குப் பின்தங்குகிறார் என்றால், அவருக்கு இருப்பது ஒரே நகர்வு. அடுத்த நகர்விலும் அப்படியே, அதற்கு அடுத்ததிலும் அப்படியே என்றால், கடிகாரம் ஓடும்போது அந்த வழியை மனிதர் ஒருவர் கண்டுபிடிப்பது மிகக் கடினம். என்ஜினுக்கு இது சமம். பலகையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு இது வெற்றிக்குப் பக்கம். இது நிரலின் பிழை இல்லை, அது கேள்வியையே வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கூட்டல் இரண்டு காட்டும் தாக்குதலில், தடுப்பவர் திடீரென்று ஒரு காயைத் திருப்பிக் கொடுத்து முடிவில்லாத செக்கில் (அதாவது டிராவில்) தப்பிவிடுவார். அந்தச் செக் வரிசை ஆழத்தில் இருந்தால் எண் கடைசிவரை அழகாகவே இருக்கும். ஆகவே தடுப்பவரின் ராணி திறந்த பலகையில் சுதந்திரமாக இருக்கிறதா, உங்கள் ராஜாவுக்குச் சிப்பாய்க் கூரை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு

ராஜா பாதுகாப்பின் எடைகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்க்காதீர்கள். கூட்டினால் நிரல் ஆதாரமில்லாத பலிகளைக் கொடுக்க ஆரம்பிக்கும். புதிர் நிலைகளில் அதிகம் கண்டுபிடிக்கும், ஆட்டங்களில் அதிகம் தோற்கும். ஆழம் குறைக்கும் விதியில், எதிரி ராஜாவின் வட்டாரத்துக்குள் புதிதாக நுழையும் அமைதியான நகர்வுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஆயிரக்கணக்கான வேக ஆட்டங்களில் பழைய பதிப்போடு மோதவிட்ட பிறகே வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு மேட் புதிர்களை மட்டும் எடுக்காமல், தாக்குதல் தோற்கும் நிலைகளையும் அதே அளவுக்குச் சேருங்கள். படி 2-ல் இருந்த நிலையிலேயே, வெள்ளையின் சி1 மந்திரிக்கு முன்னால் டி2-ல் ஒரு குதிரையை வைத்து வழியை அடைத்துப் பாருங்கள். ராஜா எச்6 போகும் கிளையில் இரட்டைச் செக் இல்லாமல் போகும். நிரலின் எண் அதற்கு ஏற்ப அசைகிறதா என்று கவனியுங்கள்.